பழைய சேலையும் கவந்திப் போர்வையும்

நைந்த சேலையை நாலாக மடித்து, கைத்தையல் போட்டு, பிள்ளைக்கு விரிப்பது நம் உம்மாக்களுக்குப் பழகிய வேலை. அதை யாரும் கலை என்று சொன்னதில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ போர்வைகளோ 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன.

சித்திகளின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பலர் போர்த்துக்கீசியரிடம் அடிமைகளாக இருந்தவர்கள். நம் முத்துக்குளிக் கடற்கரையும் அறிந்த அதே போர்த்துக்கீசியர்தான். இன்று சித்திகளில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள் எல்லோரும் உண்டு.

அடியில் ஒரு சேலை. அதன்மேல் பழைய உடைகளின் கிழியாத பகுதிகளை ஓரத்தில் வைத்துத் தைக்கத் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே தையல்தான். நான்கு மூலையிலும் ‘பூ’ என்று முக்கோணத் துண்டுகள். அவை இல்லாத போர்வை அவர்களுக்கு முடிந்த போர்வை அல்ல. முஸ்லிம் வீட்டுப் போர்வைகளில் பிறையும் வரும்.

உதவி கேட்டு நம்மிடம் வரும் சகோதரிகளில் தையல் இயந்திரம் இல்லாதவர்கள் பலர். இதற்கு ஊசியும் நூலும் போதும். ஆனால் ஒரு போர்வைக்குப் பல நாள் உழைப்பு போகும். ‘பழைய துணிதானே’ என்று விலை குறைத்துக் கேட்டால் அந்த நாட்களுக்குக் கூலி கிடைக்காது.

வீட்டில் பருத்திச் சேலை இருந்தால் துவைத்து நம் அலுவலகத்தில் கொடுங்கள். நைலக்ஸ் வேண்டாம், வழுக்கும்.