சட்டத்தைத் தாண்டிய வர்ணம்

கடப்பா கல் என்றால் நமக்கெல்லாம் சமையல் மேடையும் அலமாரித் தட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். டில்லி கஸ்தூர்பா காந்தி மார்க்கில், பிரிட்டிஷ் கவுன்சில் கட்டிடத்தின் முகப்பில், அதே கறுப்புக் கல்லை வெள்ளை மக்ரானா சலவைக்கல்லோடு சேர்த்துப் பதித்து, பிரம்மாண்டமான மரம் ஒன்றைப் படர விட்டிருக்கிறார்கள். சார்லஸ் கொரியா வடிவமைத்து 1992-ல் முடிந்த கட்டிடம் அது.

மரத்தை வரைந்து கொடுத்தவர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின் என்ற ஓவியர். லண்டன்காரர். 1932-ல் பிறந்து 2017-ல் மறைந்தார். 1964-ல் முதல் தடவை இந்தியா வந்தவருக்கு நம் தேசம் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது! அப்புறம் அநேகமாக வருஷா வருஷம் வந்தார். ஆனால், வந்த இடத்தில் உட்கார்ந்து வரைகிற வழக்கம் பெரும்பாலும் அவருக்கு இல்லை. பார்த்ததை மனசில் வாங்கிக்கொண்டு, ஊர் திரும்பி, மரப்பலகையில் தீட்டுவார். ஒரு படம் முடிய வருஷக்கணக்கில்கூட ஆகும். மரம், வீடு என்று நாம் தேடினால் சுலபத்தில் அகப்படாது. பட்டை பட்டையாய், புள்ளி புள்ளியாய் வர்ணம்தான். சுற்றியிருக்கும் சட்டத்தின் மேலேயும் தாராளமாகத் தீட்டிவிடுவார்!

1978-ல் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாரின் வீட்டில் தங்கி, துணிச்சாயத்தால் கைக்காகிதத்தில் அங்கேயே வரைந்தார். ‘இந்திய இலைகள்’ என்று அந்த வரிசைக்குப் பெயர்.

இவரை நான் தேடிப் பிடித்ததற்குக் காரணம் என் பெண்தான். இரண்டாவது படிக்கிறாள். எங்களுக்குத் திருவொற்றியூர். சாயங்காலம் மாடியில் நின்று மணலிப் பக்கம் பார்த்தால், புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் ஆரஞ்சும் கத்தரிப்பூ நிறமுமாய்க் குழைந்து கிடக்கும். அதை அப்படியே தீட்டி எடுத்துப் போனாள். ‘வானம் நீலம்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி குழந்தைக்குச் சாதமே இறங்கவில்லை. அதற்கப்புறம் கிரேயான் பெட்டியில் நீலம் மட்டும்தான் தேய்ந்துகொண்டு வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஹாட்ஜ்கினின் ‘பம்பாய் அஸ்தமனம்’ படத்தைக் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்தாள்.

“இவரை மிஸ் திட்டலியாம்மா?”

“1985-ல டர்னர் பரிசு கொடுத்தாங்கடி, கண்ணு!”

இப்போது ராத்திரி சாப்பாடானதும், “இன்னிக்கு என்ன கலர் பார்த்தே?” என்று கேட்கிறேன். ஒருநாள் எண்ணூர் ரோட்டில் வரிசையாய் நின்ற கண்டெய்னர் லாரிகள் என்றாள். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சேலை. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தைக் கொடுத்துவிடுவேன். வர்ணம் அட்டையைத் தாண்டித் தரைக்கும் வந்துவிடுகிறது. மொசைக் தரையானால் துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், கிரேயான் போய்விடும்.