வட்டவளை மழையும் மட்டக்களப்பு வெயிலும்

ஜூன் பிறந்துவிட்டால் ஹட்டன் பக்கத்து வட்டவளையில் கொடியில் போட்ட துணி காய்வதில்லை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நனைந்தபடியே மலை ஏறுகிறார்கள். நேர்க்கோட்டில் அங்கிருந்து சுமார் 150 கிலோமீற்றர் தள்ளி மட்டக்களப்பு. அங்கே அதே நாட்களில் கச்சான் காற்று அனலாக முகத்தில் அடிக்கிறது. புல் கருகுகிறது, குளம் வற்றுகிறது. இரண்டு இடத்திலும் வீசுவது ஒரே தென்மேல் பருவக்காற்றுதான். இன்னும் வேடிக்கை என்னவென்றால், மட்டக்களப்பின் வெக்கையில் வட்டவளை மழைக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காற்றின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். கொழும்புக் கரையைத் தொடும்போது அதன் வெப்பநிலை 28 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கனமீற்றர் காற்றில் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நான்கு தேக்கரண்டித் தண்ணீர். சமவெளி முடிந்து மலைச்சரிவு குறுக்கிட்டதும் அந்தக் காற்று மேலே ஏறுகிறது. மேலே அமுக்கம் குறைவு என்பதால் விரிகிறது. விரிவதற்கான செலவைத் தன் வெப்பத்திலிருந்தே கொடுக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் 10 பாகை போய்விடும். 600 மீற்றர் உயரத்தில், 22 பாகைக்கு இறங்கியதும், நீராவி மேகமாகத் திரளத் தொடங்குகிறது. 2,000 மீற்றர் உயரத்து முகட்டை எட்டுவதற்குள் அந்த நான்கில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி மேகமாகிவிடும். மலை தூக்கிவிட்டதால் பெய்யும் இந்த மழைக்கு மலையியல் மழை என்று பெயர். ஒரே ஒரு தேக்கரண்டிதான். ஆனால் காற்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறதே! வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. ஓடாமல், ஆவியாகாமல் அப்படியே தேங்கினால் ஐந்து மீற்றர் ஆழம்.

மேகம் திரண்டால் மழை வந்துவிடும் என்று நினைப்பது சரியல்ல. நீராவி தனியாகத் துளியாவதற்கே படாத பாடு படுகிறது; பற்றிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். அலை உடைந்து தெறித்த கடலுப்பின் துகள் அதற்கு நன்றாகவே உதவும். டிக்கோயா மேகத்தின் ஒரு துளிக்குள் காலிக் கடலின் உப்பு இருக்கலாம். அந்த மேகத்துளியின் குறுக்களவு 0.02 மில்லிமீற்றர். விழும் வேகம் வினாடிக்கு ஒரு சென்ரிமீற்றர். ஒரு கிலோமீற்றர் கீழே இறங்க அதற்கு ஒரு நாளுக்கும் மேலாகும், நடுவழியிலேயே ஆவியாகிவிடும். 2 மில்லிமீற்றர் மழைத்துளி ஒன்று உருவாகப் பத்து இலட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். கொஞ்சம் பெரிய துளி வேகமாக விழுந்து, வழியில் உள்ள சின்னத் துளிகளை மோதிச் சேர்த்துக்கொள்கிறது. சேரச் சேர வேகம் கூடுகிறது, வேகம் கூடக் கூட இன்னும் சேர்கிறது.

குளிர்நாடுகளில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மேலே பனிக்கட்டியாகத்தான் பிறக்கிறது. நம் வானத்தில் நீர் உறையும் உயரம் சுமார் 5 கிலோமீற்றர். தீவின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். ஆகவே பருவக்காற்று மேகங்கள் மலையை ஒட்டித் தாழக் கிடக்கும்போது, அவற்றின் தூறல் பனிக்கட்டியையே காணாமல் துளி மோதித் துளி சேர்ந்தே பெய்துவிடுகிறது. ஏப்ரல், ஒக்ரோபர் மாதத்துப் பின்னேர இடிமழை வேறு கதை. காலை வெயிலில் சூடான சரிவுக் காற்று நெட்டுக்குத்தாக எழுந்து, பத்துக் கிலோமீற்றருக்கும் மேலே போய் உறைகிறது. நுவரெலியாவில் எப்போதாவது ஆலங்கட்டி விழுந்தால் அது அந்த உயரத்துச் சரக்கு.

இனித்தான் முக்கியமான இடம். தண்ணீரை ஆவியாக்க வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் அழிவதில்லை. நீராவிக்குள் ஒளிந்திருந்து, ஆவி திரும்ப நீராகும்போது வெளியே வருகிறது. மறைவெப்பம் என்பது இதுதான். ஒரு லீற்றர் மழை உருவாகும்போது விடுபடும் வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 0.68 அலகு. வட்டவளையில் ஒரு சதுரமீற்றர் நிலத்தில் விழும் 5,000 லீற்றர், வானத்தில் 3,400 அலகு வெப்பத்தை விட்டுவிட்டுத்தான் கீழே வருகிறது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேக்கி லக்சபானவில் மின்சாரம் எடுக்கிறோமே, அதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீர் 500 மீற்றர் விழுந்தால் கிடைக்கும் சக்தி, அது மழையானபோது மேலே விட்ட வெப்பத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு. மிச்சம் காற்றோடு போய்விட்டது.

காற்றோடு எங்கே போனது? மேகம் கட்டிய பிறகு ஆயிரம் மீற்றருக்கு 10 பாகை குறைய வேண்டிய காற்று, இந்த வெப்பத்தின் உதவியால் 4, 5 பாகைதான் குறைகிறது. முகட்டில் 16 பாகை. தண்ணீரை இறக்கிவிட்டு மறுபக்கம் சரிகிறபோது அதனிடம் ஆவியாக்க மேகம் இல்லை. ஆகவே முழுதாக ஆயிரத்துக்குப் பத்து வீதம் சூடாகிறது. 2,000 மீற்றர் இறங்கிக் கடல்மட்டத்துக்கு வந்தால் 36 பாகை. ஏறியபோது 28. இடையில் கூடிய எட்டுப் பாகையும் மேற்குச் சரிவின் மழை விட்டுப்போன சூடு. (உண்மையில் சில காற்று மலையை ஏறாமல் சுற்றிப் போகும், மேலிருந்த வறண்ட காற்றும் வந்து கலக்கும். கணக்கின் போக்கு மாறாது.) அதுதான் கச்சான்.

பதுளை ரயிலில் போனவர்களுக்கு இந்த எல்லைக்கோடு தெரியும். 1,898 மீற்றரில் பாதையின் உச்சியைத் தொட்டு, பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் உள்ள சுரங்கத்துக்குள் மழையோடு நுழையும் வண்டி, பல நாட்களில் வெயிலில் வெளியே வரும். அப்பால் ஊவா. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை அங்கே வறண்ட காற்று தேயிலைச் செடியை வாட்டுகிறது. கொழுந்து குறைகிறது, ஆனால் மணம் கூடுகிறது. வாடும் செடி தற்காப்புக்காகச் சுரக்கும் பொருள்களில் ஒன்று மெதைல் சலிசிலேற். மூட்டுவலித் தைலத்தின் மணமும் அதுவே. ஊவாத் தேயிலையின் பெயர்போன அந்தக் குளிர்ந்த காரத்துக்கு அதுதான் காரணம். ஏலத்தில் வாங்குகிறவர் ஹட்டன் மழைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

வாடைக்காற்றுக் காலத்தில் எல்லாம் தலைகீழ். ஊவாவில் மழை; ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் உலர்ந்து, டிம்புளத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது. மேகம் இல்லாத அந்த இரவுகளில் நிலத்தின் சூடு தடையின்றி வானத்துக்குப் போய்விடும். கனத்த குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். விடியற்காலையில் நுவரெலியாப் புல்லில் துகள் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது மேலிருந்து விழுந்ததல்ல. நீராவி இலையின் மேலேயே நேரடியாகப் பளிங்காகிவிட்டது. வெயில் ஏறியதும் பனி பட்ட கொழுந்து கருகிவிடும்.

ஹோட்டன் சமவெளியின் காட்டில் நீர் இறங்கும் இன்னொரு வகை உண்டு. மழையே பெய்யாத நேரத்திலும் மரத்தடி நனைந்திருக்கும். ஓடும் மூடுபனியைப் பாசியும் இலையும் சீவியெடுத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகின்றன. திறந்த வெளியில் வைத்த மழைமானியில் இந்த நீர் பதிவாவதில்லை, ஆனால் ஆற்றுக்குப் போய்ச் சேர்கிறது.

ஆறுகளும் இங்கே விந்தையாகத்தான் பிரிகின்றன. ஹட்டன் வட்டாரத்தில் டிக்கோயாப் பக்கம் விழுந்த துளி காசல்ரீ வழியாகக் களனி கங்கையில் கலந்து கொழும்புக் கடலுக்குப் போகும். கொட்டகலைப் பக்கம் விழுந்தது மகாவலியில் சேர்ந்து, கண்டியைச் சுற்றிக்கொண்டு 335 கிலோமீற்றர் ஓடும் அந்த ஆற்றோடு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குப் போகும். 1976இல் திறந்த பொல்கொல்ல அணை அதில் ஒரு பங்கைச் சுரங்கம் வழியே வடக்கே திருப்புகிறது. பொலன்னறுவை வயல்களில் சிறுபோக நெல் நிற்பது கச்சான் வீசும் மாதங்களில்தான். காற்று கொண்டுவராத தண்ணீரை ஆறு அங்கே கொண்டுவருகிறது.

காற்றோடு முகட்டைத் தாண்டிய மீதி மூன்று தேக்கரண்டி நீராவியும் கிழக்கே கடலுக்கு மேல் போகிறது. வங்கக் கடல் அந்தக் காற்றைத் திரும்ப நிரப்பிவிடும். அக்கரையில் பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. மேற்குச் சரிவில் மழை கொட்டித் தீர்க்கிறது, முதுகுப்புறத்துப் பகான் சமவெளி வறண்டு கிடக்கிறது.