எல்லைக்கல் – 17: எந்த அப்பு?

போன மாதம் எனக்கு வரவேண்டிய புத்தகக் கட்டு ஒன்று ஊர் சுற்றிவிட்டு வந்தது. அனுப்பிய நண்பர் முகவரியில் ‘தளி’ என்று எழுதியதோடு சரி, மாவட்டத்தை விட்டுவிட்டார். பின்கோடும் தப்பு. கட்டு நேராக உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலையடிவாரத்துத் தளிக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்பியது.

அதுவும் தளிதான். எத்தலப்ப நாயக்கரின் பாளையம் இருந்த ஊர். தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிக் குளிர்காற்றில் கிடக்கும் எங்கள் தளிக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

பழந்தமிழில் தளி என்றால் கோயில். கல்லால் கட்டினால் கற்றளி. காஞ்சிபுரத்துக்குள்ளேயே பாடல் பெற்ற தளிகள் இரண்டு உண்டு: ஒன்று மேற்றளி, இன்னொன்று ஓணகாந்தன்தளி. கும்பகோணம் பக்கம் பழையாறையில் இருப்பது வடதளி. ஒரே பெயரை யாரும் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. முன்னால் ஒரு திசையையோ ஆளையோ ஒட்டிக்கொண்டு அவரவர் வழியில் இருந்தார்கள்.

படங்களுக்கும் கதைகளுக்கும் இந்தச் சிக்கல் வந்தால் என்ன ஆகும்? அதை எங்கள் ஊர் டீக்கடையில்தான் கற்றுக்கொண்டேன்.

எல்லையோரத்துக் கடைகள் பலவற்றைப்போல அங்கும் சுவரில் புனித் ராஜ்குமார் சிரித்துக்கொண்டிருப்பார். 2021 அக்டோபரில் அவர் மறைந்த பிறகு மாட்டிய படம். தர்மபுரிப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் அதைப் பார்த்து, “யாருங்கண்ணா?” என்று கேட்டார்.

“அப்பு” என்றார் கடைக்காரர்.

“அப்பு படம் நான் பார்த்திருக்கேனே. பிரசாந்த் நடிச்சது. பிரகாஷ்ராஜ் மிரட்டியிருப்பாரு.”

“அது இல்லண்ணா. இது கான்ஸ்டபிள் பையன் கமிஷனர் பொண்ணை லவ் பண்றது.”

மூலையில் இருந்த பெரியவர் தெலுங்கு பேசுகிறவர். “அது ரவிதேஜா படம்ப்பா. இடியட்” என்றார். பன் தின்றுகொண்டிருந்த பையன் நிமிர்ந்து, “இல்ல தாத்தா, சிம்பு படம். தம்” என்றான்.

நான்கு பேர் சொன்னதும் சரி. வசந்த் இயக்கத்தில் பிரசாந்த் நடித்த தமிழ் ‘அப்பு’ 2000-இல் வந்தது. இந்தி ‘சடக்’கின் மறு ஆக்கம் அது. 2002-இல் புனித் கதாநாயகனாக அறிமுகமான கன்னட ‘அப்பு’வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பூரி ஜெகன்நாத் இயக்கிய அந்தக் கன்னடக் கதைதான் அதே ஆண்டு தெலுங்கில் ‘இடியட்’ ஆனது. 2003-இல் தமிழில் ‘தம்’ ஆனது. ஆக, ஒரே பெயரில் இரண்டு கதை, ஒரே கதைக்கு மூன்று பெயர். மூன்று மொழி புழங்கும் ஊரில் இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

அப்பு விஷயம் தற்செயல். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் இரண்டு மொழியிலும் இருக்கிறது. யாரும் யாரையும் பார்த்து வைக்கவில்லை. ‘பொல்லாதவன்’ அப்படியல்ல.

1976-இல் கன்னடத்தில் ‘பிரேமத காணிகே’ வந்தது. ராஜ்குமார் நாயகன், கைக்குழந்தையாக இருந்த புனித்தும் அதில் தலைகாட்டியிருக்கிறார். முக்தா சீனிவாசன் அந்தக் கதையை எடுத்து, ரஜினிகாந்தை வைத்து 1980-இல் தமிழில் ‘பொல்லாதவன்’ ஆக்கினார். ரஜினியின் பூர்விகம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம் என்பதில் எங்கள் பக்கத்தாருக்குப் பெருமை உண்டு. 2007-இல் வெற்றிமாறன் தன் முதல் படத்துக்கு அதே தலைப்பை வைத்தார். தனுஷ் நாயகன், தொலைந்துபோன பைக் ஒன்றைத் தேடும் கதை. முந்தைய படத்தின் நிழல்கூட அதில் கிடையாது. வேடிக்கை அதற்குப் பிறகுதான்: இந்தப் புதிய பொல்லாதவன் 2010-இல் ‘புண்டா’ என்று கன்னடத்துக்குப் போனது. எல்லை தாண்டி வந்த கதை ஒன்று ஒரு பெயரை இங்கே விட்டுவிட்டுப் போக, அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட வேறொரு கதை எல்லை தாண்டித் திரும்பிப் போயிருக்கிறது.

இப்படிப் பழைய தலைப்பைத் தெரிந்தே எடுப்பது இப்போது பழகிப்போன வழி. ரஜினியின் ‘படிக்காதவன்’ (1985), ‘தங்க மகன்’ (1983) இரண்டும் தனுஷிடம் போயின. ‘மாவீரன்’ (1986), ‘வேலைக்காரன்’ (1987) இரண்டும் சிவகார்த்திகேயனிடம் போயின. கதை எதுவும் கூடவே போகவில்லை. பெயரோடு ஒட்டியிருக்கும் பழைய கைதட்டல் மட்டும் போனது.

நூலுக்குப் பெயர் எப்படி அமையும் என்று நன்னூல் ஒரு கணக்குச் சொல்கிறது. முதனூல், கருத்தன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை ஆகிய ஏழு காரணங்கள். இவை தவிர இடுகுறி. பவணந்தியாரை அந்த இலக்கணம் எழுதச் சொன்னவன் சீயகங்கன், கோலாரைத் தன் குலத்தின் தொல்லூராகச் சொல்லிக்கொண்ட கங்கர் வழியினன். இங்கிருந்து கோலார் ஒன்றும் தொலைவில்லை. முந்தைய நூலின் புகழ் என்று எட்டாவது காரணம் ஒன்று வரும் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்த எட்டாவது காரணத்தால் அதிகம் இழந்தவர், அல்லது பெற்றவர், அதே கோலார் மாவட்டத்தில் பிறந்த பி.ஆர்.பந்துலு. அவர் எடுத்த ‘கர்ணன்’ (1964), ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) இரண்டு பெயர்களும் பின்னாளில் வேறு கதைகளுக்குப் போயின. பந்துலுவின் ஆயிரத்தில் ஒருவன் அடிமையாக விற்கப்பட்டுக் கடற்கொள்ளையனாகும் வைத்தியன், எம்.ஜி.ஆர். செல்வராகவனின் 2010 படம் தொலைந்துபோன சோழ வாரிசைத் தேடிப் போகிறது. பந்துலுவின் கர்ணன் பாரதத்துக் கொடையாளி, சிவாஜி. மாரி செல்வராஜின் 2021 கர்ணன், பேருந்து நிற்காத ஊரில் பிறந்த இளைஞன். இந்த இரண்டாவது இரவலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறப்பைக் காட்டி ஒருவனை ஒதுக்குவது என்ற முள் இரண்டு கர்ணன்களுக்குள்ளும் இருக்கிறது. பெயரை எடுத்தவர் அதன் பாரத்தையும் சேர்த்தே தூக்கியிருக்கிறார்.

சட்டம் இதைப் பற்றிச் சுருக்கமாகவே பேசுகிறது. ‘தேசி பாய்ஸ்’ என்ற இந்திப் படத் தலைப்பு தன்னுடையது என்று ஒருவர் தொடுத்த வழக்கில், தலைப்புக்குத் தனியாகப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு சாதாரணச் சொற்களைச் சேர்த்ததையே ஒரு படைப்பு என்று கொள்ள முடியாது என்பதுதான் நியாயம். தயாரிப்பாளர் சங்கங்களில் தலைப்பைப் பதிவு செய்வது அவர்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஆனாலும் பெயர்ச் சண்டை ஓயவில்லை. ஏ.எல்.விஜய்யின் ‘கரு’ தலைப்புத் தகராறில் சிக்கி, 2018-இல் ‘தியா’ என்றுதான் திரைக்கு வந்தது. 2025 ஜனவரியில் சுதா கொங்கராவின் படத்துக்குத் தமிழிலும், விஜய் ஆண்டனியின் ‘சக்தித் திருமகன்’ படத்துக்குத் தெலுங்கிலும் ஒரே நாளில் ‘பராசக்தி’ என்று பெயர் அறிவித்தார்கள். பிறகு விஜய் ஆண்டனி தெலுங்குத் தலைப்பை மாற்றிக்கொண்டார். 1952-இல் கலைஞர் வசனத்தில் சிவாஜி அறிமுகமான படத்தின் பெயர், 70 ஆண்டு கழித்தும் இரண்டு பேர் போட்டி போடும் அளவுக்குச் சூடு ஆறாமல் இருந்திருக்கிறது.

போட்டியே இல்லாமல் ஒரு பெயர் குடும்பத்துக்குள் கைமாறியதும் உண்டு. கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் ‘சித்தி’ (1966) படத்தில் நடித்தவர்களில் ஒருவர் எம்.ஆர்.ராதா. 1999 முதல் வீடுகளை இரவு ஒன்பதரைக்குக் கட்டிப்போட்ட ‘சித்தி’ தொடரின் நாயகி அவர் மகள் ராதிகா. இரண்டும் வெவ்வேறு கதை. சித்தி என்ற சொல் மட்டும் நம் எல்லார் வீட்டிலும் இருப்பது; அதற்கு யார் பதிவு எண் கொடுப்பது?

ஊர் சுற்றி வந்த கட்டை நான் பிரித்ததும் அந்த டீக்கடையில்தான். மேலே இருந்தது ‘பார்த்திபன் கனவு’. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“நல்ல படம்ண்ணா இது. ஸ்நேகா ரெண்டு வேஷத்துல வரும்.”

அவர் சொன்னது கரு.பழனியப்பனின் 2003 படம். இது கல்கி எழுதியது, பல்லவர் காலம், சோழ நாட்டுக்கு விடுதலை வேண்டும் என்று கனவு கண்ட ஒரு ராஜாவின் கதை என்றேன். புத்தகத்தை வாங்கி நான்கு பக்கம் புரட்டினார். ஒன்பதாவது படிக்கும் மகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு வாசலில் நின்ற மகளைக் கூப்பிட்டார்.

“பாப்பா, பார்த்திபன் கனவு வந்திருக்கு பாரு.” ஒரு நொடி யோசித்துவிட்டு அவரே திருத்திக்கொண்டார். “படம் இல்ல. கல்கி பார்த்திபன்.”

மேற்றளி, வடதளி என்று சொன்னவர்களும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள்.

(தொடரும்)