அறத்தின் பெயரால் அங்காடி

ரமலான் பிறந்துவிட்டால் மதுரை மக்களின் கைப்பேசிகளில் ஒருவகை விளம்பரம் பெருகக் காண்கிறோம். சுங்குடிச் சேலையொன்றை இணையத்தில் வாங்கினால், விலையில் ஒரு பகுதி அனாதை நிலையத்திற்குச் சேரும் என்பர். 'ஒரு பகுதி' என்னும் சொல்லிடத்தே நாம் நின்று வினவுதல் வேண்டும்.

அமேசான் நிறுவனம் 2013இல் அமெரிக்காவில் தொடங்கி 2023 பிப்ரவரியில் நிறுத்திய 'ஸ்மைல்' திட்டத்தை நோக்குவோம். அதில் வஞ்சனை இல்லை. விகிதம் வெளிப்படையாகவே கூறப்பட்டிருந்தது. ஆயினும் அது அரை விழுக்காடே. 1000 ரூபாய்க்கு வாங்கினால் அறத்திற்கு 5 ரூபாய்! விகிதமே கூறாத வணிகர் எவ்வளவு அளிப்பாரோ, யார் அறிவார்?

செலவுக்கெனப் பிடித்தம் செய்வதே குற்றமென நாம் கூறவில்லை. ஸகாத் பெறத்தக்க எண்வகையினருள் அதனைத் திரட்டும் பணியாளரையும் திருக்குர்ஆன் (9:60) சேர்த்துள்ளது. மறைத்தலே குற்றம்.

நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்தில் தொண்டு நிறுவனங்களின் பெயர்களைத் தேடலாம். ஆனால் அங்குக் காண்பது பதிவு மட்டுமே, நற்சான்று அன்று. ஆதலின் வணிகரை விடுத்து அனாதை நிலையத்தாரையே கேட்பது நன்று. இவ்விற்பனையை அவர்கள் அறிவார்களா? சென்ற ஆண்டு எவ்வளவு வந்து சேர்ந்தது? நிலையம் மேலூரிலோ வாடிப்பட்டியிலோ இருப்பின் பேருந்தில் சென்று பார்த்துவரும் தொலைவுதான். "அறியோம்" என்று அவர்கள் கூறின், வாங்காதிருத்தலே முறை.

இன்னொன்றும் உண்டு. சேலைக்குக் கொடுத்த விலை ஸகாத் ஆகாது, அது வாணிகம். ஸகாத்தை உரியவர் கையில் தனியே சேர்ப்பித்தல் வேண்டும்.