குறிஞ்சிப்பாட்டில் தலைவியின் நோய்

நெடுநாள் நோயுடைய பெண்ணைத் தலைவியாகக் கொண்டு, விழாக்காலச் சூழலில் நிகழ்ந்து இன்பமாக முடியும் காதற்கதைகள் இக்காலத்து ஆங்கிலத்தில் எழுதப்பெறுகின்றன. 2021-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜீன் மெல்ட்சர் வெளியிட்ட 'தி மாட்சா பால்' என்னும் நாவல் அவ்வகையினது. யூதரின் அனுக்கா விழாவையொட்டி நிகழும் அக்கதையின் தலைவி, நாட்பட்ட களைப்பு நோய் உடையவள். ஆசிரியரும் அந்நோய் உடையவரே. அதனை முற்றத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆதலின் இத்தகைய கதைகளில் ஒரு வினா எழுவது இயல்பு: காதல் நோயைத் தீர்க்குமா, அன்றி நோயோடு வாழத் துணையாக நிற்குமா? இவ்வினாவை உளத்திற்கொண்டு கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் பயின்றால், அதில் பலரும் விரைந்து கடந்து செல்லும் பகுதியொன்று புதிதாய் விளங்குகின்றது. அதுவும் நோயுற்ற பெண்ணொருத்தியின் காதற்கதையே.

261 அடிகளையுடைய அப்பாட்டு முழுவதும் தோழி செவிலித்தாய்க்குக் கூறும் கூற்றாகும். தலைவியின் மேனி மெலிந்தது, வளை நெகிழ்ந்தது. ஊரில் அறிந்தோரையெல்லாம் செவிலி வினவினாள், பல்வேறு உருவத் தெய்வங்களுக்கு மலர் தூவினாள், நறும்புகை காட்டினாள், வருந்தினாள். அவளது அன்பில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் ஒன்று நோக்குக. நோயைப் பற்றி ஊரையும் தெய்வத்தையும் வினவியவள், நோயுற்றவளை வினவியதாகப் பாட்டில் இல்லை. தலைவியை வற்புறுத்தி வினவியவள் தோழி ஒருத்தியே. வினவிய பின்னரே தலைவி வாய் திறந்தாள். முத்தும் மணியும் பொன்னும் சேர்ந்த அணி கெட்டால் மீண்டும் செய்து கொள்ளலாம், ஒழுக்கமும் பெருமையும் கெட்டால் மீட்டல் அரிது என்ற அவளது அச்சம் அப்போதுதான் வெளிப்படுகின்றது. அவளது நோயில் பாதி, சொல்லாமை என்றே யாம் கருதுகின்றோம்.

அடுத்து வரும் தினைப்புனக் காவல், அருவியாடல், பாறைமேற் குவித்த மலர்களின் நீண்ட பட்டியல், மதயானையின் வருகை, தலைவனின் அம்பு ஆகியவை நன்கறிந்தவை, விரிக்க வேண்டுவதில்லை. ஆயின் தலைவன் உரைக்கும் உறுதிமொழி ஈண்டுக் கருதத்தக்கது. அகன்ற வாயிலையுடைய மனையில் வருவோர்க்கெல்லாம் நெய் மிகுந்த சோறிட்டு, விருந்தினர் உண்டு எஞ்சியதைத் தலைவியோடு உண்ணும் வாழ்வை அவன் கூறுகின்றான். மலைத்தெய்வத்தை வாழ்த்தி அருவிநீர் பருகிச் சூளுறுகின்றான். இல்லத்தின் இதமும் விருந்தின் பொலிவும் காதலோடு இணைவது மேலைநாட்டு விழாக்காலக் கதைக்கே உரியதன்று என்பதற்கு இப்பகுதி போதும்.

இத்துணை இனிய உறுதி கிட்டியும் நோய் தீர்ந்ததா? தீரவில்லை, வளர்ந்தது. தலைவன் இரவுதோறும் வருகின்றான். காவலர் திரிவர், நாய் குரைக்கும், தாய் விழிப்பாள், நிலவு வெளிப்படும். காணாது மீளினும் அவன் சினப்பதில்லை. அவன் வரும் வழியின் ஏதத்தை எண்ணித் தலைவி உருகுகின்றாள். எனவே கபிலர் பாட்டில் காதல் மருந்தன்று. உண்மையை உரியவரிடம் உரைத்தலே மருந்துக்கு முதற்படி. தொல்காப்பியம் எழுவகையாகக் கூறும் அறத்தொடு நிலையின் பயன் இதுவே.

மகளிர்க்கு வரும் எந்நோய்க்கும் 'கலியாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்' என்று கூறும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அதற்கு அகப்பாட்டைச் சான்று காட்டுவாரும் உளர். இது பெரும்பிழை. அகத்திணை கூறும் மெலிவு காதலால் விளைந்தது. உடற்கூற்றால் வரும் நாட்பட்ட பிணி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், மருத்துவரிடம் செல்லவேண்டிய பெண் மணவறைக்குச் செல்வாள். அங்கும் அவளை எவரும் வினவார்.

மணம் கூட்டுவித்தலின் அருமையைக் கபிலர் தாமே அறிந்தவர். பாரி இறந்தபின் அவன் மகளிரை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்றார், இருவரும் மறுத்தனர். பார்ப்பாரிடம் அவர்களை ஒப்புவித்து வடக்கிருந்தார் என்பது புறநானூற்று அடிக்குறிப்பு. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்கு அளித்துத் தீப்புகுந்தார் என்று கூறும். தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று எனப்படும் பாறையை இன்றும் காணலாம். அவ்வரலாற்றைக் குறிஞ்சிப்பாட்டோடு முடிச்சிடுதல் எம் கருத்தன்று. ஆயினும் மணம் எளிதில் கைகூடும் என நம்பியவர் பாடிய பாட்டாக அது ஒலிக்கவில்லை.

மெல்ட்சரின் தலைவியும் ஒன்றை மறைத்தே வாழ்கின்றாள். யூத சமய குருவின் மகளாகிய அவள் கிறித்துமசுக் காதற்கதைகள் எழுதுவது பலர் அறியாதது. மறைத்ததை உரைக்கும் துன்பம் இரு தலைவியர்க்கும் பொது. முடிவுதான் வேறு. குறிஞ்சிப்பாட்டில் திருமணம் காட்டப்பெறவில்லை. செவிலியின் மறுமொழியும் இல்லை. இரவில் தலைவன் வரும் மலைவழியில் உள்ள கொடுவிலங்குகளையும் பாம்பையும் முதலையையும் தோழி எண்ணிக் கூறுமிடத்தில் பாட்டு நின்றுவிடுகின்றது. நோய் அப்போதும் தீரவில்லை.