சதுரத்தின் பரப்பும் வீட்டு மனையும்

கணக்குப் பாடங்களுள் மிக எளியது எது என்று வினவினால், சதுரத்தின் பரப்பைக் காண்பதே என்று பலரும் விடை கூறுவர். ஒரு பக்கத்தின் அளவை அதே அளவால் பெருக்கினால் பரப்புக் கிடைத்துவிடுகிறது. 40 அடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 1,600 சதுர அடி. இதில் ஐயத்திற்கு இடமில்லை. எனினும், ஏட்டில் வரைந்த சதுரத்திற்கும் மண்ணில் கிடக்கும் மனைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டிலுள்ளது சதுரம் என்று நமக்கு முன்னரே சொல்லப்பட்டுவிடுகிறது. மனையைப் பற்றி அந்த உறுதியை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.

கொச்சியின் மேற்குப் பகுதியில், தோப்பும்படிக்குத் தெற்கே உள்ள பள்ளுருத்தியை எடுத்துக்கொள்வோம். முன்பு தனி ஊராட்சியாக இருந்த இவ்வூர் 1967ஆம் ஆண்டு கொச்சி மாநகராட்சியுடன் இணைந்தது. காயலும் தோடுகளும் சூழ்ந்த இத்தகைய இடத்தில் வீட்டு மனையை ஏக்கரில் பேசுவோர் இல்லை. மூன்று சென்ட், நான்கு சென்ட் என்றே பேச்சு நடக்கும். அந்தச் சில சென்டுகளில் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு அடங்கியிருக்கும்.

தமிழர் இங்கு முதலில் ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும். நாம் சதுரம் என்றால் நான்கு பக்கமும் சமமான வடிவத்தைக் கருதுகிறோம். மலையாளப் பள்ளிப் பாடத்திலோ ‘சதுரம்’ என்பது நம் செவ்வகம். நம் சதுரத்தை அவர்கள் ‘சமசதுரம்’ என்பர். தமிழ்நாட்டுக் கட்டட வேலையிலோ ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. ஆகவே மனை சதுரமானது என்று கேட்ட மாத்திரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அளந்து பெருக்கிவிடுதல் தகாது.

பக்கத்தைப் பக்கத்தால் பெருக்குவது ஏன்? 40 அடிச் சதுரத்தை ஓரடிக் கட்டங்களாகப் பிரித்தால், வரிசைக்கு 40 கட்டங்களாக 40 வரிசைகள் அமையும். பெருக்கலை இவ்வாறு கட்டங்கள் நிறைந்த நிலமாகக் காணும் விளக்கம் கேரளத்திற்குப் புதிதன்று. 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய ‘யுக்திபாஷை’யில் அது உள்ளது. அந்நூலின் கணிதப் பகுதியை 1948இல் விளக்கவுரையுடன் பதிப்பித்த இருவருள் ஒருவர் கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த ராமவர்ம மரு தம்புரான். மற்றவர் அகிலேசுவர ஐயர்.

ஆனால் கட்டங்கள் ஒழுங்காக அடங்க வேண்டுமாயின் மூலைகள் செங்கோணமாக இருத்தல் வேண்டும். நான்கு பக்கமும் 40 அடியேயுள்ள ஒரு மனை சற்றே ஒருபுறம் சாய்ந்து, அதன் மூலைவிட்டங்கள் 64 அடியும் 48 அடியுமாக இருப்பதாகக் கொள்வோம். வேலியின் நீளம் முன்போலவே 160 அடி. பரப்போ மூலைவிட்டங்களைப் பெருக்கிப் பாதியாக்கினால் வருவது: 1,536 சதுர அடி. உண்மைச் சதுரத்தைவிட 64 சதுர அடி குறைவு. எட்டடிக்கு எட்டடியில் ஓர் அறையே மறைந்துவிட்டது. விலை கொடுத்தவருக்கு அது கண்ணில் படுவதில்லை.

இந்த உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர், எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி அப்பாதிகளைப் பெருக்கும் முறையைத் தோராயமானது என்றே குறித்தார். இன்றும் பலர் மனையளக்கக் கையாளும் முறை இதுவே. இது செவ்வகத்திற்கும் சதுரத்திற்கும் மட்டுமே சரியான விடை தரும். மற்ற நாற்கோண நிலங்களுக்கெல்லாம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். எனவே இம்முறையில் இழப்பவர் எப்போதும் வாங்குபவரே. 12ஆம் நூற்றாண்டில் ‘லீலாவதி’யை இயற்றிய பாஸ்கரரோ, மூலைவிட்டத்தையோ குத்துயரத்தையோ கூறாமல் நான்கு பக்கங்களை மட்டும் சொல்லிப் பரப்பைக் கேட்பவரைக் கடுமையாகவே எள்ளினார்.

பரிகாரம் மிக எளிது. அளவு நாடாவால் பக்கங்களோடு இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். நான்கு பக்கங்களும் சமமாகி, மூலைவிட்டங்களும் தம்முள் சமமாயின் அது சதுரம். 40 அடிச் சதுரத்திற்கு அவை ஏறத்தாழ 56 அடி 7 அங்குலம் வரும். சமமில்லையாயின், ஒரு மூலைவிட்டத்தின் வழியே கயிறு கட்டி, எஞ்சிய இரு மூலைகளிலிருந்தும் அக்கயிற்றுக்குச் செங்குத்தாக உள்ள தூரங்களை அளந்து கூட்டி, மூலைவிட்டத்தால் பெருக்கிப் பாதியாக்குக. மேற்சொன்ன மனையில் அத்தூரங்கள் இரண்டும் 24 அடி. 64ஐ 48ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் அதே 1,536 கிடைக்கும்.

இனி அலகுகளைப் பற்றி ஒரு சொல். ஏக்கரின் நூற்றில் ஒரு பங்கு சென்ட், அது 435.6 சதுர அடி. கேரளத்துப் பத்திரங்களில் காணும் ஆர் என்பது பத்து மீட்டர்ப் பக்கமுள்ள சதுரம், அதாவது 100 சதுர மீட்டர், சென்டில் 2.47. ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால் ஒரு சதுர மீட்டரும் 3.28 சதுர அடி என்று மயங்குவோர் உண்டு. அலகையும் வர்க்கமாக்க வேண்டுமாதலின் அது 10.76 சதுர அடியாகும். நம் சாய்ந்த மனை பத்திரத்தில் 1.43 ஆர் என்று காணப்படும்; அதனை 2.47ஆல் பெருக்கினால் 3.53 சென்ட். நாற்பதை நாற்பதால் பெருக்கியவர் சொல்வதோ 3.67 சென்ட். பத்திரமும் வாய்ச்சொல்லும் இவ்வாறு வேறுபடுமிடத்தில் முன்பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தல் நலம்.

கேரள அரசு 2022இல் நிலங்களை மின்னணுக் கருவிகளால் மறு அளவை செய்யும் பணியைத் தொடங்கியது. கருவிகள் எத்துணை நுட்பமாயினும், வாங்குபவர் தம் கையால் மூலைக்கு மூலை ஒருமுறை நாடா பிடித்துப் பார்ப்பது வீணாகாது. அதற்குச் செலவாவது கால் மணி நேரம். அது காப்பாற்றுவது ஓர் அறை அளவு நிலம்.