படைக்கு மருந்தாகும் கெலெங்காங்

ஜொகூர் தோட்டங்களின் அல்லூறு ஓரங்களில், மெழுகுவத்தி ஏற்றினாற்போல் மஞ்சட் பூங்கொத்துகளை நிமிர்த்தி நிற்கும் செடியைக் கண்டிருப்பீர்கள். மலாய்க்காரர் இதனைக் கெலெங்காங் என்பர். நமக்கு இது சீமையகத்தி. வண்டுகொல்லி என்றும் பெயருண்டு. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த அவரைக் குடும்பச் செடி.

ஈர உடையோடும் வியர்வையோடும் பால் வெட்டுவோரைப் படை எளிதில் பற்றும். படையை உண்டாக்கும் பூஞ்சையை ஒடுக்கும் பொருள்கள் இவ்விலையில் உள்ளன. பசும் இலையை அரைத்துப் படைமீது பூசுவது நெடுநாளைய வழக்கம். புண்ணான தோலில் பூசலாகாது. இலையை உட்கொண்டால் பேதியாகும். கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க. இரண்டு வாரத்தில் படை மறையாவிடில் மருத்துவரை நாடுக. வெட்கப்பட்டு மறைப்பதால் வீட்டார்க்கும் பரவுகிறது.

வளர்ப்பது எளிது. நான்கு சிறகுடைய காய் கறுத்து உலர்ந்ததும் விதையெடுத்து, மேல்தோலைச் சிறிது உரசி, ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றுக. நல்ல வெயிலும் ஈரமண்ணும் போதும். ஆளுயரத்தையும் மிஞ்சி வளருமாதலால் லயத்துக்குப் பின்புறம் ஒன்றிரண்டு போதும். பூத்தபின் கவாத்துச் செய்க.

அவரையினமாயினும் இதன் வேரில் தழைச்சத்துச் சேர்க்கும் முடிச்சுகள் உண்டாவதில்லை. ஆகவே ரப்பர் நிரைகளுக்கிடையே மூடுபயிராக இதனை விதைப்பது வீண். காய்கள் வெடித்துச் சிதறுமுன் அறுத்துவிடுக, இல்லையேல் களையாகிவிடும்.